அறுபத்தொரு வீட்டு வழி

முதல் மிடறு காபி உள்ளே இறங்குவதற்குள் ஓஸ்லாக் பன்னிரண்டாவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். கணினித் திரையில்தான். மருத்துவ நிலையத்திலிருந்து எங்கள் பள்ளத்தாக்கின் அறுபத்தொரு வீடுகளுக்கும், ஒவ்வொன்றாக, வரைபடத்திடம் வழி கேட்பார். அது காட்டும் நிமிடங்களை, பள்ளிப் பேருந்து ஓட்டிய இருபத்தாறு வருடங்களில் தன் மண்டையில் ஏறிய நிமிடங்களோடு ஒப்பிடுவார். கொஞ்சம் பிசகினாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிவார்.

“கோடு சும்மா வளையாது,” என்பார். “யாரோ கை வச்சிருக்காங்க.”

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடம் ஒன்று இருக்கிறது. மாதக் கடைசியில் ஓஸ்லாக் அதை இறக்கி, காட்டுப் பாதைகளைச் சேர்த்து, பிழை பார்த்து, ஆம்புலன்ஸுக்கும் மீட்புக் குழுவுக்கும் தனி வரைபடம் செய்கிறார். சம்பளம் கிடையாது. குழுவின் ஜிபிஎஸ் கருவிகள் ஒரு ரொட்டிக் கூடையில் அவர் வீட்டுக்கு வரும், புது வரைபடத்தோடு திரும்பும்.

வரைபடத்தில் இரண்டு சாலைகள் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இல்லையென்றால், கருவிக்கு அங்கே வழியே கிடையாது. நம் கண் ஏமாறும், கருவி ஊரைச் சுற்றும். அதனால் ஓஸ்லாக் எந்தச் சந்திப்பையும் நம்புவதில்லை. மனிதர்களையும்தான். பாலம் திறந்தாகிவிட்டது என்று தபால்காரர் சொன்னால், நேரில் போய் ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு வருவார். என் வீட்டுப் பழுப்புச் சீஸைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

போன ஆகஸ்ட் கடைசியில், முப்பத்தேழாவது வீட்டில் கோடு வளைந்தது. அது என் பண்ணைக்கு மேலே இருக்கும் யூருன்னின் வீடு. யூருன்னுக்கு நிறைமாதம். ஒன்பது நிமிட வழியை வரைபடம் ஏரியைச் சுற்றி நாற்பத்திரண்டு நிமிடமாகக் காட்டியது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், கருவி சொன்ன வழியில்தான் போவார்கள்.

கை வைத்தவன் நான்தான். சொல்லிவிடுகிறேன். கோடை முழுக்கச் சுற்றுலா வேன்கள் அதே பொது வரைபடத்தைப் பார்த்து என் முற்றத்தின் வழியே மலைக்குப் போயின. ஒருவன் என் ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தன் வேனின் கழிவறைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனான். வயிறு எரிந்தது. ஒரு பொய்ப் பெயரில் பொது வரைபடத்துக்குள் புகுந்து, முற்றத்துச் சாலையின் புள்ளியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தேன். வேலிக்கதவுக்கு ஒரு பூட்டும் வாங்கி, கொக்கியில் திறந்தபடி தொங்கவிட்டேன். யூருன்னின் நினைப்பே எனக்கு வரவில்லை. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த இடைவெளியை ஒட்டவைக்க ஓஸ்லாக்குக்கு ஒரு நிமிடம் போதும். ஒட்டவைக்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“தோர்மூத், உன் முற்றத்துல ரோடு ரெண்டு மீட்டர் அறுந்து கிடக்கே?”

“மண்ணு சரிஞ்சிருக்கும், ஓஸ்லாக்.”

“அப்படியா? ஆகஸ்ட் ஆறாம் தேதி, மத்தியானம் சரியா மூணேகாலுக்கா சரிஞ்சுது?”

ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாளும் நேரமும் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாது.

“மலைக்கழுகுன்னு ஒருத்தர் பண்ணியிருக்கார். அவர் பண்ணின ஒரே திருத்தம் அதுதான். உனக்கு அந்தக் கழுகைத் தெரியுமாப்பா?”

“தெரியாதே.”

“எனக்கும் முதல்ல தெரியலை. யூருன் புருஷனைச் சந்தேகப்பட்டேன். தபால்காரரைச் சந்தேகப்பட்டேன். என் கூடப்பிறந்த தம்பியைக்கூட விடலை.” தட்டிலிருந்த வாஃபிளை எடுத்து முகர்ந்தார். தின்னாமல் திரும்ப வைத்துவிட்டார். “வலி எடுத்துட்டா, அந்தப் பொண்ணு இன்னும் முப்பத்துமூணு நிமிஷம் பொறுத்துக்கம்மான்னு குழந்தைகிட்டயா சொல்லுவா?”

“அந்த வேன்காரங்க...” என்று ஆரம்பித்தேன்.

“வேன் வேண்டாம்னா, ஊர்க்காரங்களுக்கு மட்டும்னு போட ஒரு குறி இருக்கு. கேட்டிருந்தா காட்டியிருப்பேன். அதுக்கு ரோட்டையா அறுப்பாங்க?”

மவுஸை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல இரண்டு புள்ளிகளையும் ஒன்றாக்கினேன், குறியையும் போட்டேன். தன் வரைபடத்தைப் புதிதாகச் செய்து, ஆம்புலன்ஸுக்கு வழி கேட்டார். கோடு என் முற்றத்தின் வழியே நேராக மேலே ஏறியது. ஒன்பது நிமிடம்.

எனக்கு மூச்சு வந்தது. அவர் நம்பவில்லை. காரில் மருத்துவ நிலையத்துக்கு இறங்கிப் போய், அங்கிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டி வந்தார். நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். வேலிக்கதவருகே காரை நிறுத்தி இறங்கினார். கதவை அகலத் திறந்தார். கொக்கியில் தொங்கிய பூட்டைக் கழற்றினார். என் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பூட்டைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, யூருன் வீட்டுக்கு மேலேறிப் போனார்.