ரொட்டிக்கடைக்காரனும் என் மாமனாரும்

எங்கள் தெருவில் முதல் டி.வி. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு எங்கள் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் இரண்டே தெரு உள்ள ஊர். மாமனார் மளிகைக்கடை வைத்திருந்தார். கடை முன்னால், வீடு பின்னால். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். பிறகு கூடத்தைப் பெருக்குகிற வேலை எனக்கு. எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி இரண்டு வருஷமே ஆகியிருந்த எனக்கு அந்தப் பெட்டி மேல் இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த வருஷம் பதின்மூன்று வாரத்துக்கு ஓர் உளவாளித் தொடர் ஓடியது. வடக்கே எல்லையில் ஒரு சின்ன ஊர். நம் ஆள் ஒருவன் அங்கே டாக்டர் வீட்டில் ஒளிந்திருக்கிறான். அவனைப் பற்றி எதிரிக்குத் துப்புக் கொடுக்கிறவன் யார் என்பதுதான் கதை. எங்கள் கூடத்தில் இதற்கு இரண்டு கட்சி. ரிடையரான தபால்காரருக்கு நர்ஸ் மேல் சந்தேகம். எதிர்வீட்டுக்காரருக்கு முதல் வாரத்திலிருந்தே டாக்டரின் மச்சான் மேல்தான்.

"மச்சான்காரன்தான். வூட்டுக்குள்ள பூந்து பூந்து வர்றவன் அவன் ஒருத்தன்தானே" என்பார். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர், வேறு எதற்கும் அதிகம் வாய் திறக்காதவர்.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று ஊருக்கே தெரியும். எனக்கு என் மாமியார் சொன்னார். பிரெஞ்சுக்காரன் போவதற்கு முந்தைய வருஷம், எதிர்வீட்டுக்காரருடைய அண்ணன் இந்தியக் கொடி ஏற்றிவிட்டுத் தலைமறைவானார். சில வாரம் கழித்து ஒரு விடியற்காலை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்து பரணில் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போலீஸ் வந்து வீட்டைக் கலைத்து அவரை இழுத்துப் போனது. திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று நாளில் அந்த வீட்டுக்குள் வந்துபோன வெளியாள் தங்கை புருஷன் மட்டும்தான். அன்றோடு எதிர்வீட்டுக்காரர் அபிஷேகப்பாக்கத்தில் இருந்த தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கை புருஷன் செத்ததற்கும் போகவில்லை.

என் மாமனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது, அவர் வாயில் எதுவும் தங்காது. நான் நாலு நாள் காபி குடிக்கவில்லை, காபித்தூள் டப்பா இறங்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, கடைக்கு வந்த தபால்காரரிடம் "மருமவ முழுவாம கீறா போல" என்று சொன்னவர். என் புருஷனுக்கே நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவரிடம் ஊர் முழுக்க வாழ்த்துச் சொன்ன பிறகுதான் நான் சொன்னேன். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பதின்மூன்றாவது வாரம் துரோகி யார் என்று தெரிந்தது. தெருமுனை ரொட்டிக்கடைக்காரன். டாக்டர் வீட்டில் வழக்கமாக வாங்குவதைவிட இரண்டு ரொட்டி அதிகமாக வாங்கினார்கள். அதை வைத்தே ஆள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, காசு வாங்கிக்கொண்டு காட்டிக் கொடுத்துவிட்டான்.

கூடத்தில் ஒரே கூச்சல். தபால்காரருக்குத்தான் ஆத்திரம் அதிகம்.

"இன்னாபா கதை எடுக்கிறான்? பதிமூணு வாரம் நம்பள உக்கார வச்சிட்டு, ரெண்டு ரொட்டில ஆளைப் புடிச்சிட்டானாம். காதுல பூ சுத்துறான்."

"மச்சானை விட்டுட்டானுங்களே" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஏமாந்துபோன குரல்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் கடைக்காரனை, அது ரொட்டிக்கடைக்காரனாக இருந்தாலும், முட்டாள் என்று சொன்னால் என் மாமனாருக்குப் பொறுக்காது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உனுக்கு இன்னாய்யா தெரியும்? லெட்டர் குடுக்கறவனுக்கு வாசப்படி வரைக்கும்தான் தெரியும். எனக்கு அடுப்பு வரைக்கும் தெரியும். எந்த வூட்ல எத்தினி வாயின்னு பொட்டலத்த வச்சே சொல்லுவேன்."

"சும்மா அளக்காத செட்டியாரே."

"அளக்கறதுதான்யா என் தொழிலு. ரொட்டிய வுடு. சுருட்டு புடிக்கற ஆளே இல்லாத வூட்லருந்து ஒரு பொம்பள வந்து ரெண்டு சுருட்டு கேட்டா இன்னா அர்த்தம்? வெளிய போன ஆம்பள வூட்டுக்கு வந்துட்டான்னு அர்த்தம். நான் அப்பவே கண்டுபுடிச்சவன்."

சிலர் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"எந்த வூட்டு பொம்பள, செட்டியாரே?"

"இன்னா?"

"சுருட்டு வாங்குன பொம்பள. எந்த வூடு?"

மாமனாரின் முகம் மாறியதை நான் அடுக்களை வாசலிலிருந்து பார்த்தேன். "அது ஒரு பேச்சுக்கு சொன்னேன்பா."

"பேச்சுக்கு ரெண்டு சுருட்டா? எங்கம்மா ரெண்டு சுருட்டுதான் வாங்கியாந்தாங்க. முந்தானைல முடிஞ்சி எடுத்தாந்தாங்க. எங்கண்ணன் வந்த மறுநாளு."

டி.வி.யை யாரும் நிறுத்தவில்லை. அதில் யாரோ ஒருவர் கரும்புக்கு உரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் எழுந்து மாமனாரின் நாற்காலிக்கு நேரே வந்து நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"முப்பது வருசம் எந்தங்கச்சிகிட்ட பேசல. அவ புருசன் பொணத்தக்கூட நான் பாக்கல. உங்கடைலதான் உப்பு வாங்கித் தின்னுகினு இருந்தேன்."

போய்விட்டார். கூடம் இரண்டு நிமிஷத்தில் காலியானது. அன்று ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

நான் துடைப்பத்தை எடுக்காமல் மாமனார் எதிரில் நின்றேன். "மாமா, போலீஸ்ல நீங்க சொன்னீங்களா?"

"நான் போலீஸ் வாசப்படி ஏறுனதே இல்லம்மா."

"வேற யார்கிட்டயாவது?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடைக்கு வர்றவங்ககிட்ட பேசிகினு இருப்பேன். போலீஸ்காரன் ஒருத்தன் காலைல காலைல வெத்தல வாங்க வருவான். அவன்கிட்டயும் பேசுவேன். அன்னிக்கு இன்னா பேசுனேன்னு நெனப்பு இல்ல. சொல்லி இருப்பேன்."

எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை. காபித்தூள் டப்பாதான் ஞாபகத்துக்கு வந்தது. தொடரில் ரொட்டிக்கடைக்காரனுக்குக் காசு கொடுத்தார்கள். அந்த இடம்தான் நம்ப முடியாதது என்று எனக்கு அப்போது பட்டது. இவருக்கு யாரும் ஒரு பைசா கொடுத்திருக்க வேண்டியதில்லை. சும்மா நின்று கேட்டிருந்தால் போதும்.

அடுத்த புதன்கிழமை கூடத்துக்கு யாரும் வரவில்லை. பெருக்குகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் எங்கள் கடைப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் வந்தார்கள், ஆனால் வழக்கமாக வாங்குகிற அளவைத் தாண்டி ஒரு பொட்டலம் வாங்குவதில்லை. விருந்தாளி வந்தால், விசேஷம் வைத்தால், பாகூர் கடைத்தெருவுக்கு நடந்துபோய் வாங்கி வந்தார்கள். கடையில் நின்று ஊர்க்கதை பேசுவதும் நின்றுபோயிற்று. தபால்காரர்கூட மூக்குப்பொடியை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போனார்.

எதிர்வீட்டுக்காரர் அபிஷேகப்பாக்கம் போனார் என்று கேள்விப்பட்டோம். தங்கை அவரை வாசலிலேயே நிற்கவைத்து, "இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மறுபடியும் போனாராம். மறுபடியும் அதே கதைதானாம்.

மாமனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் பிறந்த பிறகு அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இனிமேல் திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் மனைவி பாகூரிலிருந்து மஞ்சள் பையோடு வந்தார். எங்கள் கடையைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். பையின் வாயில் வெற்றிலைக் கட்டு எட்டிப் பார்த்தது. நான் பையனுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். கடையில் எண்ணெய் வாங்க இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அந்த வூட்ல வெத்தல போடற ஆளே கெடையாது" என்றார் அந்தப் பெண்களிடம். "தங்கச்சிக்காரிதான் போடும். வந்துட்டா போலக்கீது."

அவர் சொன்னது சரிதான். அன்று சாயங்காலம் அந்தத் தங்கையை எதிர்வீட்டு வாசலில் நானே பார்த்தேன். ஆனால் அப்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் வாங்க வந்த இருவரும் பாட்டிலைக் கையில் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா" என்றேன், "வாயை மூடிக்கிட்டு உள்ள போங்க."

அவரிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை. உள்ளே போனார். எண்ணெயை நான்தான் அளந்து ஊற்றினேன். ஒருத்தி வழக்கத்தைவிட அரை லிட்டர் அதிகம் கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, ஆனால் கவனித்துவிட்டேன்.