அவளும் சம்மதிக்க வேண்டியிருந்தது

எங்கள் பில்லிங் மென்பொருளை விற்பனைக்கு அனுப்பும் முன், வைட்ஃபீல்ட் அலுவலகத்தின் சட்டப் பிரிவு மேடம் என்னைக் கூப்பிட்டார். அந்த மென்பொருளில் நாங்கள் சேர்த்திருந்த வெளி நிரல்களின் பட்டியல் அவர் கையில் இருந்தது. ஒன்றில் விரலை வைத்து, "இது ஓப்பன் சோர்ஸ். இதைச் சேர்த்து வித்தா நம்ம சோர்ஸ் கோடையும் வெளியே தரணுமே" என்றார்.

"அது நான் எழுதினதுதான் மேடம். கம்பெனிக்குத் தனியா லைசென்ஸ் கொடுத்துடறேன்" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

அந்த நிரலில் யார் எப்போது எதை எழுதினார்கள் என்று பதிவாகியிருக்கும் திருத்தக் குறிப்புகளை அவர் திறந்து காட்டினார். பாதிக்கு மேல், என்னோடு சேர்ந்து எழுதிய பழைய தோழியின் பெயர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளும் எழுத்தில் சம்மதித்தால்தான் விற்க முடியும்.

ஆஸ்டின் டவுனில் அவள் வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் இருவரும் உட்கார்ந்து எழுதியது அது. பில்லில் தமிழ் அச்சடித்தால் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் விழும். அதைச் சரிசெய்யும் சின்ன நிரல். கன்னடத்துக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அவளே சேர்த்தாள்.

லைசென்ஸுக்குத்தான் பெரிய சண்டை. யாரும் எப்படியும் எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. "அதெல்லாம் ஆவாதுப்பா. நம்ப சும்மா குடுத்தத பூட்டி வெச்சு, நாளைக்கு நம்பகிட்டயே விப்பான்" என்றாள். எடுப்பவன் தன் நிரலையும் திறந்து காட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்க்காமல் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தை விடவில்லை. திருத்தக் குறிப்பிலேயே திட்டிக்கொண்டோம். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். அந்த ஞாயிறுகளில் இருந்த சந்தோஷம் அப்புறம் எந்த வேலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு குடும்பம். பல வருடமாகப் பேச்சே இல்லை. இப்போது சம்மதப் படிவத்தோடு நீளமாக ஒரு மெயில் எழுதி, பயந்துகொண்டேதான் அனுப்பினேன். மாட்டேன் என்பாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் காலை மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. கையெழுத்துப் போட்ட படிவம். கூடவே ஒரே வரி: "எனக்கு ஆட்சேபணை இல்லை."

மேடத்துக்கு ஏக சந்தோஷம். நானும் சிரித்து வைத்தேன். ஒரு வார்த்தையாவது அவள் திட்டியிருக்கலாம்.