தொமாகொமாயிலிருந்து ஒரு வாசகர்

மிசாவோவின் வலைப்பூவை அறுபது பேர் வரை படித்தார்கள். அவளுக்கு வேண்டியவர் அதில் ஒரே ஒருவர். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மை அதுதான்.

சகாத்தா ஊரில், பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் கூடத்தில் பதினேழு வருடமாக அவளுக்கு வேலை. வயது ஐம்பத்தாறு. வேலை முடிந்து மூன்றரை மணிக்கு வீடு திரும்பியதும் கைப்பேசியில் நாலு வரி தட்டுவாள். ‘மாமே இன்று’ என்பது வலைப்பூவின் பெயர். மாமே அவள் வீட்டு நாய். பதினான்கு வயது, ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, நடந்தால் பின்னங்கால் இழுக்கும். அது என்ன தின்றது, எங்கே படுத்தது, யாரைப் பார்த்துக் குரைத்தது, அவ்வளவுதான் எழுத்து. இதைப் போய் யார் படிப்பார்கள் என்று கேட்பவர்கள் நாய் வளர்த்ததில்லை.

மகன் வாதாரு வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். அப்பா ஒரு வார்த்தை சொன்னார், இவன் இரண்டு சொன்னான், மறுநாள் காலை அறை காலி. பழைய கைப்பேசி எண்ணும் செத்துப்போனது. எப்படியோ விசாரித்து, செந்தாய் நகரத்தில் ஒரு தொழிற்சாலை விடுதியில் இருப்பதாகக் கண்டுபிடித்து, மிசாவோ ஒரு பெட்டி நிறைய அரிசியும் கெட்டிச் சட்டையும் அனுப்பினாள். பெட்டி பிரிக்காமல் திரும்பி வந்தது. அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்த அந்த வாரமே அவன் விடுதியைக் காலி செய்திருந்தான். அதிலிருந்து அவள் ஒன்றைப் புரிந்துகொண்டாள். பார்த்துவிட்டேன் என்று காட்டினால் பையன் ஓடிவிடுவான்.

இரண்டு வருடம் முன்பு கணவர் இறந்தபோது, ‘மாமேயின் பெரியவர் இன்று காலை போய்விட்டார்’ என்று ஒரே ஒரு வரி எழுதினாள். வலைப்பூவுக்கு யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் பக்கத்தை அன்றுதான் முதல்முறையாகத் திறந்தாள். தொமாகொமாய் துறைமுக ஊரிலிருந்து ஒருவர் அன்று மட்டும் பதினொரு முறை வந்திருந்தார். அந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. அதன் பிறகு தினமும் பார்த்தாள். தினமும் மதியம் பன்னிரண்டு பத்துக்கு, சாப்பாட்டு நேரத்தில், தொமாகொமாயிலிருந்து ஒருவர் வந்து மாமே என்ன தின்றது என்று பார்த்துவிட்டுப் போனார்.

இது வாதாருதான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. பெற்றவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நிலையில்தான் வலைப்பூ நடத்தும் நிறுவனம் ஓர் அறிவிப்பு போட்டது. நவம்பர் முப்பதாம் தேதி மதியம் பன்னிரண்டு மணியோடு கடையை மூடுகிறார்களாம். இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றியாம். வேறொரு வலைப்பூ திறக்கலாம், ஆனால் அவன் அங்கே வருவானா? அதுவும் மூடினால்? வாசகர்களின் மின்னஞ்சல் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டால்தான் பிடி விட்டுப்போகாது. அதற்கென்று, பட்டியலில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பும் சேவைகள் இருந்தன. மூன்றைப் பொறுக்கி எடுத்து, உடன் சமைக்கும் கினுயோவிடம் காட்டினாள்.

கினுயோ ஆறு வயது மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம். “என்னடி, பையனுக்குப் பொண்ணு பாக்கற மாதிரி மூணு படத்தைப் பரப்பி வெச்சிருக்க?” என்றாள்.

“சிரிக்காதீங்க அக்கா. இதுல சேரணும்னா பேரு கேக்குது. பேரு, அதை எப்படி உச்சரிக்கணும், ஆணா பொண்ணா, பொறந்த தேதி, எல்லாம் போடணும்.”

“எதுக்காம்? நாய் கதை படிக்கிறவன் வீட்டுக்கடனா கேக்கப் போறான்?”

“அதான். பேரு கேட்டா அவன் அந்தப் பக்கமே வரமாட்டான். இன்னொண்ணு இலவசம். ஆனா ஒவ்வொரு கடிதத்துக்கும் மேல வழுக்கை மருந்து விளம்பரம் போடுவாங்களாம்.”

“போடட்டுமே. உன் வீட்டுக்காரர் மண்டைய நான் பாத்திருக்கேன். பையனுக்கு ஒதவும்.”

மிசாவோ சிரிக்கவில்லை. மூன்றாவதைத் தொட்டுக் காட்டினாள். “இது வெளிநாட்டுது. முகவரி மட்டும் கேக்குது, வேற ஒண்ணும் வேணாம். இன்னொண்ணு அக்கா... கடிதத்தை யாரு தெறந்து பாத்தாங்கன்னு நமக்குக் காட்டுமாம்.”

“அப்போ அதையே எடு” என்றாள் கினுயோ.

எடுத்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் போராடி ஒரு படிவம் செய்து, வலைப்பூவின் தலையிலேயே ஒட்டினாள். முகவரி கொடுத்தால் அவர்களுக்கு உறுதிக் கடிதம் ஒன்று போகும். அதில் இருக்கும் பொத்தானைத் தொட்டால்தான் பட்டியலில் சேர முடியும். பன்னிரண்டு நாளில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.

அவள் செய்த தவறு சின்னது. மிசாவோவின் நாட்டில் பல் மருத்துவரிடம் பதிவு செய்தாலும், செருப்பு வாங்கினாலும் கீழே ஒரு வரி இருக்கும்: கைப்பேசி முகவரி கொடுப்பவர்கள் எங்கள் கடிதத்தை அனுமதிக்கும்படி முதலில் அமைப்பை மாற்றிக்கொள்ளவும். கைப்பேசி நிறுவனங்கள் தரும் மின்னஞ்சல் முகவரிகள் அப்படி. கணினியிலிருந்து வரும் முன்பின் தெரியாத கடிதத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். உள்ளூர் சேவைகள் இரண்டும் அந்த வரியைத் தாமாகவே போட்டிருந்தன. பார்த்துப் பார்த்துச் சலித்து, யாரும் கண்ணில் வாங்காத வரி. வெளிநாட்டுக்காரனுக்கு இந்தச் சங்கடம் எங்கே தெரியப்போகிறது? தெரிந்திருக்க வேண்டியவள் மிசாவோ. அவள் மறந்துவிட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி மாலை, கினுயோ வீட்டில் உட்கார்ந்து பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனபோது, அடியில் ‘சேரவில்லை’ என்று ஒரு பகுதி இருப்பதைப் பார்த்தாள். உறுதிக் கடிதம் போய்ச் சேராமல் திரும்பிய ஏழு முகவரிகள். ஐந்தாவது mame0611.

அவள் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“என்னடி? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?”

“ஜூன் பதினொண்ணு அக்கா. மாமே எங்க வீட்டுக்கு வந்த நாள். அவன்தான் அட்டைப்பெட்டியில வெச்சுத் தூக்கிட்டு வந்தான். இந்தத் தேதி நான் எங்கயும் எழுதினதே இல்ல.”

கினுயோ உரித்துக்கொண்டிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். “முகவரி கெடச்சிடுச்சில்ல? அப்புறம் என்ன? எழுது! அம்மாதான் எழுதறேன், வந்து தொலைடான்னு எழுது!”

“செந்தாய்க்கு அரிசி அனுப்பினேனே, என்னாச்சு?”

“அது அப்போ.”

“மறுபடி ஓடிட்டான்னா? இந்த முகவரியும் போயிடும், தொமாகொமாயும் போயிடும். அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்? அவன் வந்து தட்டியிருக்கான் அக்கா. நான்தான் கதவைத் தெறக்காம விட்டுட்டேன். சேரணும்னு நெனைச்சு, ஒண்ணும் வரலையேன்னு, இந்தப் பொம்பளைக்கு நான் வேணாம் போலன்னு...” தலையில் அடித்துக்கொண்டாள்.

உறுதிக் கடிதத்தை மறுபடி அனுப்ப அந்தச் சேவை ஒரே ஒரு முறைதான் விடும். அதற்குள் அவன் தன் கைப்பேசியின் அமைப்பை மாற்றியிருக்க வேண்டும். முப்பதாம் தேதி பன்னிரண்டுக்கு வலைப்பூ மூடிவிடும், அவன் வருவதோ பன்னிரண்டு பத்துக்கு. ஆகவே மிச்சம் இருந்தது இருபத்தொன்பதாம் தேதி மதியம் மட்டும்தான்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். எல்லோருக்கும் எழுதுவது போல, ‘கடிதம் கிடைக்காதவர்கள் கவனத்துக்கு’ என்று. வாதாரு ஒரு காலத்தில் அவளுக்குக் கைப்பேசி கற்றுக்கொடுத்து, சலித்துப்போய், ஒவ்வொரு படியாக நாட்காட்டியின் பின்புறம் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தான். ஒன்று, இதை அழுத்து. இரண்டு, பயப்படாதே, எதுவும் உடையாது. அதே மாதிரி எழுதினாள். அவன் முகவரியும் அவளுடைய அதே கைப்பேசி நிறுவனம் தந்ததுதான் என்பதால், தன் கைப்பேசியிலேயே ஒவ்வொன்றையும் அழுத்திச் சரிபார்த்தாள். கினுயோ பக்கத்திலிருந்து மூன்று தடவை படித்தாள். ‘உங்கள் யார் மீதும் தவறில்லை, நான் சொல்ல மறந்தது’ என்று முடித்துவிட்டு, வழக்கம்போல மாமேயைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தாள்: மூன்று நாளாக எதையும் தொடுவதில்லை, சூடான பால் மட்டும் கொஞ்சம் குடிக்கிறது.

மறுநாள் வேலை. சமைக்கிற இடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு விட்டதும், உணவைத் தொடாமல் உடைமாற்றும் அறைக்கு ஓடினாள். தொமாகொமாய், பன்னிரண்டு பத்து. மறுபடி பன்னிரண்டு பதினான்கு. மறுபடி பதினைந்து. ஒவ்வொரு படியாகப் பார்த்துச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். இல்லை, கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றும் நினைத்தாள். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஏழு முகவரிகளுக்கும் மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

ஏழில் எதுவும் திரும்பி வரவில்லை. மாலைக்குள் ஆறு பேர் சேர்ந்து எண்ணிக்கை நாற்பத்தேழானது. mame0611 மட்டும் ‘பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்று நின்றது. இரவும் அப்படியே, காலையிலும் அப்படியே. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவன் தொடவில்லை. முப்பதாம் தேதி வலைப்பூ இருந்த இடத்தில் நன்றி அறிவிப்பு மட்டும் இருந்தது. பன்னிரண்டு பத்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று இனி காட்ட அதில் எந்தப் பக்கமும் இல்லை.

“நான்தான் கெடுத்தேன்” என்றாள் மிசாவோ, பாத்திரம் கழுவிக்கொண்டே. கழுவியதைக் கினுயோ வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது கைப்பேசி அதிர்ந்தது. உறுதிக் கடிதத்துக்கே யாரோ பதில் போட்டிருந்தார்கள். பெயர் இல்லை, வணக்கம் இல்லை.

‘பசும்பால் கொடுக்க வேண்டாம். வயிறு கெடும். ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்து, கையால் ஊட்டினால் தின்னும். முன்பும் அப்படித்தான்.’

முன்பும் அப்படித்தான். மிசாவோ வாசலிலேயே, ஒரு காலில் காலணியோடு உட்கார்ந்து அழுதாள். மாமே இழுத்துக்கொண்டு வந்து அவள் முழங்காலை மோந்து பார்த்தது.

கினுயோவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். “இன்னும் என்ன யோசனை? பதில் எழுதுடி!” என்று அவள் கத்தினாள்.

“எழுதறேன் அக்கா. எல்லாருக்கும் எழுதற மாதிரி எழுதறேன்.”

கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. சாப்பிடுகிறாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா, அப்பாவின் மேல் இன்னும் கோபமா. ஒன்றையும் கேட்கவில்லை. ரொட்டியை வெந்நீரில் கரைத்து, விரலில் எடுத்து மாமேயின் வாயில் வைத்தாள். முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகு நக்கியது. பிறகு அரைக் கிண்ணம் தின்றது.

முதல் கடிதத்தை எழுதினாள்: ‘மாமே இன்று. வெந்நீரில் ஊறிய ரொட்டி, அரைக் கிண்ணம். பாலை நிறுத்தியாகிவிட்டது. சொன்னவருக்கு நன்றி. நாளையும் எழுதுவேன்.’

அனுப்பப் போகும்போது, இத்தனை பேருக்குப் போகிறது, சரிதானா என்று அந்தச் சேவை கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணை மறுபடி பார்த்தாள். காலை வரை நாற்பத்தேழு. இப்போது நாற்பத்தெட்டு.