சிங்கராசாவின் தொண்டை

நாலாம் வகுப்புப் படிக்கும்போது, பரிசளிப்பு விழா நாடகத்தில் முயலாக வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. முயலுக்குப் பாட்டு இல்லை. பஞ்சு வாலைக் கட்டிக்கொண்டு குதித்து வந்து, சிங்கராசாவைக் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் வேலை முடிந்தது. சங்கீத ரீச்சர் ஒவ்வொருவரையும் ஒரு வரி பாடவிட்டுத்தான் வேசம் பிரித்தார். நன்றாகப் பாடியவர்களுக்குச் சிங்கம், மயில், குயில். சுமாரானவர்களுக்கு மான், நரி. என்னைப் போன்றவர்களுக்கு முயலும் மரமும். நான் பாடி முடித்ததும் ரீச்சர் ஆர்மோனியப் பெட்டியை மெல்ல மூடிவிட்டு, "நீர் முயல், என்ன குஞ்சு?" என்றார். எனக்குப் பரம சந்தோசம்.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மிளகாயும் கச்சான் கடலையும் போடுகிற தோட்டக்காரர் அவர். ஆனால் விசுவமடுப் பக்கத்தில் அவரை ராசா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆடும் கூத்தில் ராசா வேசம் அவருடையது. அதற்கு முன் அவருடைய தகப்பனுடையது. எங்கள் ஊரில் கூத்து வேசமும் காணி மாதிரித்தான், தகப்பனுக்குப் பின் பிள்ளைக்கு. அப்பாவுக்கோ நான் ஒரே பிள்ளை, அதுவும் பெண். கூத்துப் பழக்கும் அண்ணாவியார், "உனக்குப் பிறகு ஆர் ராசா முடி வைக்கிறது?" என்று கேட்கும்போதெல்லாம் அப்பா என்னைக் காட்டிச் சிரிப்பார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை முயலாக வருவதா?

அடுத்த நாளே வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று, "ரீச்சர், ராசா வேசம் எங்கட வீட்டுக்குத்தான் வாறது. இவள் முயலா வந்தா ஊர் என்ன கதைக்கும்?" என்றார்.

"அண்ணை, பிள்ளைக்குச் சுருதி கொஞ்சம் பிசகுது."

"அது பழகினா வரும். நீங்கள் குடுத்துப் பாருங்கோ."

நான் மேசைக்குக் கீழே விழாத பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன். விழாவுக்குப் பந்தல் போட்டுத் தருவது அப்பாவின் ஆட்கள் என்பது ரீச்சருக்கும் தெரியும். சிங்கம் என்னிடம் வந்தது. சிங்கமாக இருந்த ஐந்தாம் வகுப்பு அக்கா திரைக்குப் பின்னால் போனாள். அவள் மைக் பிடித்துப் பாடுவாள், நான் முன்னால் நின்று வாயசைக்கவேண்டும். "வீட்டில சொல்லாதையும்" என்று ரீச்சர் சொன்னார். சொல்லுவேனா?

ஆனால் அப்பா விடவில்லை. பின்னேரங்களில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டும்போது என்னை வரம்பில் நிறுத்தி, "எங்க, ராசான்ர பாட்டைப் பாடு பாப்பம்" என்பார். காடு வறண்ட வருடத்தில் சிங்கம் மற்ற மிருகங்களைக் கூப்பிடும் பாட்டு அது. "காடு காயுது, கேணி காயுது, கூடி வாருங்கோ" என்று நான் தொடங்கினால் 'கேணி'யில் ஏறவேண்டிய குரல் பொத்தென்று கீழே விழும். அம்மா குசினிக்குள் சட்டியை வேண்டுமென்றே தட்டுவாள். அப்பா மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்பார். பிறகு, "நாளைக்கும் பாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்புவார்.

விழா அன்று, தேங்காய்த் தும்பில் செய்த பிடரி மயிர் கழுத்தைக் கடிக்கக் கடிக்க மேடைக்கு வந்தேன். முன்வரிசைக் கதிரைகளில் அப்பாவும் அண்ணாவியாரும் மத்தளகாரரும் இருந்தார்கள். திரைக்குப் பின்னால் அக்கா பாடினாள். என்ன குரல் அது! சனம் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தது. முதல் வரியிலேயே அப்பாவின் முகம் மாறியதைக் கண்டேன். பெருமை என்று நினைத்தேன்.

இரண்டாம் தரம் பாட்டு வரும்போது கரண்ட் நின்றது. மைக் செத்ததும் பயந்துபோன அக்கா பாட்டை நிறுத்திவிட்டாள். பாவி நான், அது விளங்காமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன், தொட்டியை விட்டு வெளியே விழுந்த மீன் மாதிரி. முதலில் முயல்கள்தான் சிரித்தன. பிறகு பந்தல் முழுவதும் சிரித்தது. நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அப்போது அப்பா எழும்பினார். நின்ற இடத்தில் நின்றே பாடத் தொடங்கினார். கூத்தில் ஆடுகிறவருக்குக் குரல் அடைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் வரியை வாங்கிப் பாடுவது வழக்கம். அதை யாரும் குறையாக எடுப்பதில்லை. ஆனால் அப்பா பாடியது அக்கா பாடிய மெட்டு இல்லை. 'கேணி' என்ற இடத்தில் அவருடைய குரலும் பொத்தென்று கீழே விழுந்தது. நான் வரம்பில் நின்று எங்கெங்கே பிசகுவேனோ, அங்கெல்லாம் அவரும் பிசகினார். ஒரு வரி பாடிவிட்டு, மற்றதை நீ எடு என்பதுபோல் கையை நீட்டினார். நான் எடுத்தேன். என்னுடைய சொந்தக் குரலில், எனக்குத் தெரிந்த மாதிரி. அவரும் கூடப் பாடினார். இரண்டு குரலும் ஒன்றாகவே இறங்கின, ஒன்றாகவே ஏறின. சனம் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அண்ணாவியார் மட்டும் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரே ராசா என்று சொல்லும் மனிசன், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் இப்படிப் பிழையாகப் பாடலாமா?

வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அப்பாவைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏனப்பா அப்பிடிப் பிழையாப் பாடினீங்கள்?"

அப்பா ரோட்டுக் குழி ஒன்றை விலத்தி ஓட்டினார். பிறகு, "தொண்டை கட்டிப்போச்சுப் பிள்ளை" என்றார்.

அப்படியே நம்பினேன். அம்மாவிடம் சொல்லி மல்லித்தண்ணி அவிப்பித்தேன். சிரித்த பிள்ளைகளிடமெல்லாம் அடுத்த நாள் போய், பிழை என்னுடையது இல்லை, அப்பாவின் தொண்டை என்று சொன்னேன். அம்மன் கோயில் பொங்கல் வந்தது. முடி வைத்துக்கொண்டு அப்பா பாடிய முதல் வரி, கச்சான் கடைகளைத் தாண்டி ரோட்டு வரைக்கும் கேட்டது. பக்கத்தில் பாயில் இருந்த மாமியிடம் நான் பெருமையாகச் சொன்னேன்:

"பாத்தீங்களே மாமி, மல்லித்தண்ணி குடிச்சு அப்பாவுக்குச் சுகமாப் போச்சு."