மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்

1997, ஐப்பசி: என் ஒரே மகள் வலங்கைமானில், கணவன் வீட்டில் இறந்தாள். காரணம், மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கும் அதனால் முற்றிய இரத்தசோகையும். கணவன் சிங்கப்பூரில் இருந்தான்.

மறு ஆண்டு, அவனுக்குத் தம் மகளைக் கொடுக்க எண்ணிய மன்னார்குடிக்காரர் ஒருவர் என்னிடம் விசாரிக்க வந்தார்.

"மாப்பிள்ளை எப்படிங்க?"

கல்யாணத்தைக் கலைப்பது பாவம் என்பார்கள். நான் கலைக்கத்தான் காத்திருந்தேன்.

"மாசத்துல பாதி நாள் அவளுக்கு ரத்தம் போகும். டாக்டர்கிட்ட போகணும்னு கேட்டா, 'பொம்பளைன்னா அப்படித்தான், அவன் லீவுல வரட்டும்'னாங்க மாமியார். அவனும் போன்ல அதையே சொன்னான். பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்னா. 'அதான் உன் கல்யாணத்துல மழை கொட்டுச்சு'ன்னு சிரிச்சாங்க. ரத்தத்துல இரும்புச்சத்து குறைஞ்சா அப்படித் திங்கத் தோணுமாம்."

அவர் முகம் மாறியது. "எம் பொண்ணும் அரிசி திங்குதுங்க. நாங்களும் சிரிக்கிறோம்."

"முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

சம்பந்தம் நின்றது. அப்பெண்ணைக் காப்பாற்ற நான் பேசவில்லை, பழிதீர்க்கவே பேசினேன். அதன்பின்தான் எனக்குச் சோறு இறங்கியது.

எஞ்சியுள்ள பணிகள்:
மகளின் புடவைகளை அவ்வீட்டிலிருந்து மீட்பது.
அடுத்து விசாரிக்க வருபவரிடமும் இதையே சொல்வது.
சம்பந்தியம்மாளை மன்னிப்பது. அதற்கு அவசரமில்லை.