மாமாவுக்கு நான் நடத்திய பிரெஞ்சுப் பாடம்

என் மாமாவுக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு காலத்தில் என் கையில் இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான்.

புதுச்சேரியில், மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த மாமா, யாருடைய கல்யாணத்திலோ ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிப் பிரான்சுக்குப் போகப்போகிறவன், நாலு வார்த்தை பிரெஞ்சு பேசாவிட்டால் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்த நான்.

கையில் ஸ்கேலோடு பாடம் நடத்தினேன். நாள் என்றால் ழூர். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்த நாள் முழுவதும் என்றால் தூத் லா ழூர்னே. அதில் 'ர' வரும் இடத்தில், காறித் துப்பப் போகிறவர் மாதிரி தொண்டையைத் தேய்க்க வேண்டும். மாமா தோட்டத்தில் நின்று காறிக் காறி ஒருவழியாகத் தேறினார். என் புத்தகத்தில் விடுமுறையைப் பற்றி இருந்த பாடம் அவருக்கு முழுசாக மனப்பாடம்.

பெண் பார்க்கப் போனோம். நாளெல்லாம் என்ன செய்வீர்கள் என்று சொல்தா பிரெஞ்சில் கேட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து என் பாடத்தை ஒப்பித்தார். காலை முழுவதும் தூங்குவேன், நாள் முழுவதும் விளையாடுவேன், மாலை முழுவதும் டிவி பார்ப்பேன். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்தாவின் முகம் ஏன் இறுகியது என்றுதான் தெரியவில்லை. பிரெஞ்சு தெரியாத அம்மா பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. அந்தப் பெண்ணே வெளியே வந்து, "எங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தார்.

"தூத் லா... ழூர்."

"ழூர்னே" என்று திருத்தினாள். மறுபடியும் தப்பு. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து திருத்தினாள். அப்போதும் தப்பு. எனக்கு மானமே போயிற்று.

"மாமா, இப்பதான நல்லா சொன்னீங்க?"

"நீ போய் கேக்கு சாப்புடு பாப்பா."

சொல்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "தம்பிக்கு தெனம் யாராவது சொல்லிக் குடுத்தாத்தான் வரும் போலருக்குது. எம் பொண்ணே சொல்லிக் குடுக்கட்டும்" என்றார். இப்படியாக என் வாத்தியார் வேலை பறிபோனது.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி வழியெல்லாம் மாமாவைத் திட்டினேன். "என்னா பண்றது, மண்டையில ஏறலயே" என்றார் மாமா. உப்பளத்தில் எங்கள் வீட்டு வாசல் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, "தூத் லா ழூர்னே" என்று சுத்தமாகச் சொல்லிக்கொண்டே படியேறினார். இதை அங்கே சொல்வதற்கு என்ன கேடு என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, போய் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னாள்.