வீட்டு எதிர்க்கட்சி

லிஃப்ட் பழுது பார்ப்பதில் எங்கள் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்த அண்ணன் இல்லை, ஒரே கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்த பழக்கம். ஆனால் ஒரு சட்டை எடுக்கவே ஒரு வாரம் யோசிக்கிற மனுஷர். கூடப் போகிற நமக்குக் கடுப்பாக வரும்.

எல்லாம் எங்கள் நகராட்சித் தலைவராக இருந்த அம்மாவால் வந்தது. ஆஸ்பத்திரியில் புது லிஃப்டைத் திறந்து வைக்க வந்தவர், அண்ணனோடு இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். பதறிப்போன அண்ணன் கதவை நெம்பிக் கீழே குதிக்கப் பார்த்தாராம். தலைவர் அம்மா கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

“அவசரப்படாதீங்க. வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளைத் தேடுங்க. அவர் சொல்றதைக் கேட்ட பிறகும் சரின்னு பட்டா செய்யுங்க.”

குதிக்கலாமா என்று அண்ணன் வெளியே நின்ற என்னிடம் கத்திக் கேட்டார். லிஃப்டுக்கு அடியில் குழி வாயைப் பிளந்து கிடக்கிறது, கால் தவறினால் ஆள் காலி என்றேன். குதிக்காமல் நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து தலைவர் அம்மா சொன்னது அவருக்கு வேதவாக்கு. வீட்டில் அண்ணியை எதிர்க்கட்சி ஆக்கிவிட்டார். எதைச் செய்வதானாலும் டீ போட்டுக் கொடுத்து, எதிரே உட்கார வைத்துக் கேட்பார். அண்ணியையும் சும்மா சொல்லக்கூடாது. பழைய ஸ்கூட்டர், மகளின் படிப்பு, மகள் காதலித்த பையன் என்று ஒன்று விடாமல் வெளுத்து வாங்குவார். அதையும் தாண்டி நின்றதைத்தான் அண்ணன் செய்வார்.

போன வருஷம் அண்ணி தவறிவிட்டார். வீடு வெறிச்சோடிப் போனது. அண்ணன் டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்திருப்பார். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி, காதலித்த பையனையே கட்டிக்கொண்டு வெளியூரில் இருக்கும் மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவருக்கும் போக ஆசைதான். ஆனால் விற்றுவிட்டால் திரும்பி வர இடமில்லையே என்ற பயம். மறுத்துப் பேச ஆள் தேடி அலைந்தார். மாடி வீட்டுக்காரர், பால்காரர், நான். கொடுத்து வைத்தவர் நீங்கள், கிளம்புங்கள் என்று எல்லோரும் பேசி வைத்த மாதிரி சொன்னோம். அடுத்தவர் விஷயத்தில் மெனக்கெட்டு மறுத்துப் பேச யாருக்கு அக்கறை இருக்கிறது?

வாங்குகிறவர் வந்து பேசி முடிக்க வேண்டிய அன்று காலை, வேறு வழியில்லாமல் மகளையே போனில் கேட்டிருக்கிறார். அவள் சிரித்து மழுப்பினாள். இவர் விடவில்லை.

“அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாளோ, அதைச் சொல்லும்மா.”

மகள் அழுதுகொண்டே சொன்னாளாம்.

“விக்காதீங்கப்பா. அவரும் நானும் முகம் குடுத்துப் பேசியே மாசக் கணக்காச்சு. தனியா இருக்க முடியாமத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அந்த வீடும் போயிட்டா, நாம ரெண்டு பேரும் எங்கப்பா போறது?”

இதையெல்லாம் அன்று சாயங்காலம், சாவி செய்கிறவர் கடை வாசலில் வைத்து அண்ணன் என்னிடம் சொன்னார். வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாசல் கதவுக்கு இன்னொரு சாவி தயாராகிக்கொண்டிருந்தது, மகளுக்கு அனுப்ப.

வருவாளா அண்ணே என்று கேட்டேன்.

தெரியலப்பா என்றார்.